ரேவதியின் கட்டத்தில் நான் போட்ட கோடுகள்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. வளர்த்தது ஏழு பேர். பெற்றது நான்கு, என் நாத்தனார் கண்ணை மூடியபோது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது மூன்று. ஏழு பேரில் ஒருவரும் என்னைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லியிருந்தாலும் என் காதில் விழும்படி சொல்லியிருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்களை நான் வளர்க்கவில்லை. பந்து வைக்கிற அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது, அவ்வளவுதான். வாரம் ஒரு கதையாக நான் சொல்லிவருவதில், அந்தச் சாவி என்னிடம் இருந்த நாட்களில் நடந்த ஒன்றைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லதை மட்டும் சொல்வதற்கு இத்தனை வாரம் எதற்கு என்று பிறகு தோன்றியது.

ஒரு காலை நேரம். ஆறரை இருக்கும். கூடைப்பந்து ஆடுகிற சிமெண்ட் தரை பனியில் நனைந்து கறுத்திருந்தது. நான் அதைச் சாக்குத் துணியால் துடைத்து முடித்திருந்தேன். பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். விளையாட்டு டீச்சர் ஜெனிட்டா என் கையிலிருந்த நோட்டை வாங்கிப் புரட்டினாள். புரட்டிவிட்டு, முதல் ஐந்து பேரில் இருந்த ரேவதியை வெளியே உட்காரச் சொன்னாள்.

ரேவதி ஏன் என்று கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்து, ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். அது அவிழ்ந்திருக்கவே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நோட்டில் இருந்த கோடுகள் எல்லாம் நான் போட்டவை.

ஸ்டிக்கர் ஒட்டிய கை

நோட்டு என் கைக்கு எப்படி வந்தது என்று சொல்வதற்கு முன், நான் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

மூலனூர்ப் பக்கம் பிறந்தவள் நான். இரண்டாம் வகுப்பு வரை போனேன். என் பெயரை எழுதுவேன், எண்கள் தெரியும். முருங்கைக்காய் கட்டுகிற வீட்டில் கட்டுக்கு எத்தனை என்று எண்ணத் தெரிந்தால் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங் சேர்ந்தேன். இருபது வருடத்துக்கு மேல் அதே வேலை.

செக்கிங் என்றால் டைலர்கள் தைத்து வருகிற உருப்படியை விளக்கின் கீழ் விரித்துப் பார்ப்பது. ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது, கழுத்துப்பட்டி கோணல். குறை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சீட்டு இருக்கும். அதில் தைத்த டைலரின் நம்பர் இருக்கும். குறையுள்ள உருப்படி அந்த நம்பருக்கே திரும்பிப் போகும். அவள்தான் பிரித்துத் தைக்க வேண்டும். யார் தப்பு என்பதில் அங்கே சந்தேகமே கிடையாது.

என் கண்ணுக்குத் தப்பி ஒரு பனியன் பெட்டிக்குள் போனதில்லை. கம்பெனியில் எல்லோருக்கும் அது தெரியும். நான் ஸ்டிக்கர் தாளை எடுத்தாலே மெஷின் சத்தம் கொஞ்சம் குறையும் என்று சூப்பர்வைசர் கேலி பேசுவார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

கண்ணில் புரை விழ ஆரம்பித்ததும் நானாகவே நின்றுகொண்டேன். ஆபரேஷன் ஆகிக் கண் தெளிந்த பிறகும் கம்பெனிக்குத் திரும்பப் போகவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. திருப்பூரில் ஆர்டர் கொட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. தெருவுக்கு நாலு வீடு தெற்கிலிருந்து வந்தவர்கள். எங்கள் பள்ளிக்கூடமும் அப்படித்தான் இருந்தது.

நூல் கோன்

ஜெனிட்டா டீச்சரும் தெற்கத்திப் பெண்தான், தூத்துக்குடிப் பக்கம். வயது இருபத்தாறு இருக்கும். ஒல்லி உடம்பு, மைதானம் முழுக்கக் கேட்கிற குரல். என்னை ஆச்சி என்று கூப்பிடுவாள். எங்கள் ஊர் மீன் மீனே இல்லை என்பாள். அது ஒன்றில்தான் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாது.

பயிற்சிக்கு வேண்டிய சாமான் வாங்கப் பள்ளிக்கூடத்தில் வழியில்லை. அவள் நிட்டிங் கம்பெனிகளில் கேட்டு, நூல் தீர்ந்த கோன் என்கிற அட்டைக் கூம்புகளை ஒரு மூட்டை வாங்கி வந்தாள். அந்தக் கோன்களைத் தரையில் ஐந்து இங்கே, ஐந்து அங்கே என்று நிறுத்திவைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தி ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பாள். ஊதாக் கோன் எதிராளி. வெள்ளைக் கோன் நாம்.

முதல் மாதம் முழுவதும் ஒரே பாடம்தான். பந்தைக் கொடுத்தவள் நிற்கக் கூடாது, கூடையை நோக்கி ஓட வேண்டும். பிள்ளைகளுக்கு அது வரவே இல்லை. பந்து கையை விட்டுப் போனதும் அப்படியே நின்றுவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேர் லீவு நாளில் கம்பெனிக்குப் போய்ப் பிசிறு வெட்டுகிறவர்கள். அங்கே பனியனுக்குக் கை தைத்தவள் உருப்படியை அடுத்த மெஷினுக்குத் தள்ளினால் அவள் வேலை தீர்ந்தது. அந்தப் பழக்கம் காலில் இறங்கியிருந்தது.

"ஏட்டி, குடுத்தாச்சுன்னா ஒன் சோலி முடிஞ்சுதா? ஓடுட்டி" என்று அவள் கத்திக்கொண்டே இருப்பாள். மெல்ல மெல்ல ஓடப் பழகினார்கள். கொடுத்தவள் ஓடி, திரும்ப வாங்கி, கூடையில் போடும்போது பார்க்க அழகாக இருக்கும்.

தடுப்பதுதான் கஷ்டம். ஆளுக்கு ஆள் என்று பிரித்துவிட்டாள். உன் எதிராளியை நீ பார்க்க வேண்டும். ஆனால் பக்கத்தில் ஒருத்தி ஏமாந்து, அவளுடைய ஆள் பந்தோடு கூடைக்குக் கீழே வந்துவிட்டால், அருகில் இருக்கிறவள் தன் ஆளை விட்டுவிட்டுக் குறுக்கே போய் மறிக்க வேண்டும். அதற்கு ஹெல்ப் என்று பெயர்.

ஐந்து கட்டம்

பத்துப் பேர் ஓடுகிற இடத்தில் யார் விட்டது, யார் பிடித்தது என்று ஒருத்தியால் பார்க்க முடியவில்லை என்று டீச்சர் ஒரு நாள் சொன்னாள். யாரும் கேட்காமலே நான் வாயைக் கொடுத்தேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஐந்து டைலரை ஒரே நேரத்தில் பார்த்த கண் இது என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டு, மேலே பிள்ளைகளின் பனியன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். எதிராளி ஒரு கூடை போட்டால், அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் யாரோ அவளுடைய கட்டத்தில் ஒரு கோடு. இது எனக்குத் தெரிந்த வேலை. சீட்டும் ஸ்டிக்கரும்தானே.

பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் பெரிய பெண்கள் காலையில் வந்து எங்கள் பிள்ளைகளோடு ஆடுவார்கள். நான் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கோடு போடுவேன். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போவதற்கு முன் என்னிடம்தான் ஓடி வருவார்கள். ஸ்டெல்லா என்று ஒரு சின்னப் பெண், அதிகம் பேசுகிறவள். தன் கட்டத்தை விரல் வைத்து எண்ணிவிட்டு, பக்கத்துக் கட்டத்தையும் எண்ணிவிட்டுத்தான் நகர்வாள். கோகிலா என்று ஒருத்தி. பந்து போடுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவளுடைய கட்டம் அநேகமாகக் காலியாகவே இருக்கும்.

ஏழாம் நம்பர் ரேவதி. அவள் கட்டத்தில்தான் தினமும் கோடு அதிகம். ஐந்து, ஆறு, ஒரு நாள் எட்டு.

அவள் வீட்டுக் கதை எனக்குத் தெரியும். கொமரலிங்கத்தில் குத்தகைக்கு விவசாயம் பார்த்த குடும்பம். அப்பா இங்கே சாயப்பட்டறையில் இருந்தார். விரல் நகம் பத்தும் நீலமாக இருக்கும். மோசமான மனிதர் இல்லை. மூத்தவளைப் பத்தாவதோடு கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். ரேவதிக்கு மட்டும் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் மேலே படிக்கட்டும், கிடைக்காவிட்டால் அக்காவோடு போகட்டும் என்று. விடுதிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வட்டாரப் போட்டியைப் பார்க்க வருவார்கள். ஆடினால்தானே பார்ப்பார்கள்? அவள் முதல் ஐந்தில் இருந்தே ஆக வேண்டும்.

இது தெரிந்தும் நான் கோடு போட்டேன். யாருக்காகவும் ஸ்டிக்கரைக் குறைத்து ஒட்டியவள் இல்லை நான்.

இரண்டு வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அதை நான் பார்த்தும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் ஒருத்திக்கு ஒருத்தி ஹெல்ப் போவதை நிறுத்திவிட்டார்கள். கூடைக்குக் கீழே எதிராளி தனியாக வந்து நின்றாலும், தன் ஆளின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஏன் மறிக்கவில்லை என்று டீச்சர் கேட்டால், அது என் ஆள் இல்லீங்க டீச்சர் என்று பதில் வரும். அவளுக்குத் தலை சுற்றும்.

ரேவதி இல்லாத ஆட்டம்

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். ரேவதி வெளியே உட்கார்ந்தாள். அவளுக்குப் பதில் வேறொரு பிள்ளை இறங்கினாள். போட்டிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கோகிலாவின் கட்டத்தில் கோடு விழுந்தது. இன்னொன்று. மறுபடியும் ஒன்று. அவளுடைய எதிராளி நெட்டைப் பெண். கோகிலாவை ஒரு பக்கம் சாய வைத்து மறுபக்கம் புகுந்து நேராகக் கூடைக்குப் போனாள். குறுக்கே யாருமே இல்லை. நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவது கோட்டில் என் கை நின்றது.

நேற்று வரைக்கும் காலியாக இருந்த கட்டம் இது. ஒரே நாளில் ஒரு டைலரின் கை கெட்டுப்போகாது. அப்படிக் கெட்டால் அவளுக்கு முன்னால் இருந்த மெஷினில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். செக்கிங்கில் இருந்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு மாறியது ஒன்றே ஒன்றுதான். ரேவதி உள்ளே இல்லை.

பந்துகளை அறையில் அடுக்க ரேவதியைக் கூப்பிட்டேன். ரப்பர் வாடையில் இரண்டு பேரும் நின்றோம். அவள் ஒவ்வொரு பந்தாகத் துடைத்துக் கொடுத்தாள். நான் வாங்கி வைத்தேன்.

"ஏங்கண்ணு, இத்தன நாளா உன்ற ஆள உட்டுப்போட்டு எங்க போய்ட்டு இருந்த?" என்று கேட்டேன்.

"கோகிலாவோட ஆளு உள்ள வந்துருவாளுங்க ஆயா. பாத்துட்டுச் சும்மா எப்படீங்க நிக்கறது?"

"நீ போய்ட்டீன்னா உன்ற ஆளு?"

"யாராச்சும் பாத்துக்குவாங்கன்னு நெனச்சனுங்க."

யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. நெட்டைப் பெண்ணை இவள் மறிப்பாள். அவள் பந்தை இவளுடைய ஆளுக்குத் தள்ளுவாள். அந்த ஆள் தனியாக நின்று கூடையில் போடுவாள். நான் ஏழாம் நம்பரில் கோடு போடுவேன். எத்தனை நாள்! கண் முன்னால் நடந்தது. பந்து கூடைக்குள் விழுகிற அந்த ஒரு நொடியைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை.

இதை டீச்சரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கையிலிருந்த பந்தைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா கோகிலா பேருல கோடு உழுமில்லீங்க."

டீச்சர், இந்த நோட்டு தப்புங்க

ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமாக வருகிற காரியம் இல்லை. என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். சாம்பாரில் உப்பு கூடிப்போனால்கூட இந்த முறை வாங்கிய உப்புக்குத்தான் கரிப்பு அதிகம் என்பேன். அன்று மதியம் வரை எனக்குள் என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கோடு போடச் சொன்னது டீச்சர்தானே. சொன்னதைத்தானே செய்தேன். அவள் சொல்லவே இல்லை, நான்தான் வாயைக் கொடுத்தேன் என்பது நடுவில் வந்து வந்து நின்றது.

டீச்சர் டீயில் வர்க்கியை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நோட்டை அவள் முன்னால் வைத்தேன்.

"டீச்சர், இந்த நோட்டு தப்புங்க."

"எதுல தப்பு ஆச்சி? எண்ணுனது விட்டுப்போச்சா?"

"எண்ணிக்கை சரிதானுங்க. கோடு உழுந்த ஆளுதான் தப்பு. நான் தப்பாப் போட்டுப்போட்டேன்."

இருந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். ரேவதி சொன்னதையும் சொன்னேன். வர்க்கி உடைந்து டீக்குள் விழுந்தது. அவள் எடுக்கவில்லை. போட்டியில் இறங்குகிற ஐந்து பேரின் பட்டியலை, ரேவதி பெயர் இல்லாமல், தலைமை ஆசிரியையிடம் காலையிலேயே கொடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பகீரென்றது.

பிறகு எழுந்து, ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"ஒங்க தப்பு பாதிதான் ஆச்சி. ஹெல்ப்புக்குப் போன்னு சொல்லிக் குடுத்தேன். போனவ எடத்துக்கு யாரு வரணும்னு நான் சொல்லிக் குடுக்கவே இல்லயே."

அன்று மாலையே போய்ப் பட்டியலை மாற்றி வாங்கி வந்தாள். தலைமை ஆசிரியையிடம் என்ன பேச்சு வாங்கினாள் என்று என்னிடம் சொல்லவில்லை. முகம் சிவந்திருந்தது.

மறுநாள் கோன்கள் மறுபடி தரைக்கு வந்தன. ஒருத்தி தன் ஆளை விட்டு மறிக்கப் போனால், அடுத்தவள் ஓரடி நகர்ந்து அவளுடைய ஆளைப் பிடிக்க வேண்டும். அவள் விட்ட இடத்துக்கு அதற்கு அடுத்தவள். ஒரு வெள்ளைக் கோன் நகர்ந்தால் மற்ற நான்கும் நகரும். நகரும்போது வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். அங்கேதான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திணறினார்கள். மூத்த பெண்ணை எப்படி அதட்டுவது? "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்று முடிப்பதற்குள் பந்து கூடைக்குள் இருக்கும். ஸ்டெல்லாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. திருநெல்வேலிக்காரி. அவள் போடுகிற சத்தத்தில் மரத்துக் காக்காய் பறக்கும். அவளைப் பார்த்து மற்றவர்களும் கத்தப் பழகினார்கள்.

நோட்டை டீச்சர் கிழிக்கவில்லை. புதுப் பக்கத்தில் ஐந்து கட்டத்துக்குப் பதில் ஒரே ஒரு கட்டம் போட்டாள். யாருடைய ஆள் கூடை போட்டாலும் கோடு அதில்தான். முதல் நாள் ஸ்டெல்லா வந்து எட்டிப் பார்த்து, யாருடையது என்று தெரியாமல் விழித்தாள். எல்லாருக்கும்தான் என்றேன். இது நல்லாவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு நாளில் எண்ண வருவதை நிறுத்திவிட்டார்கள். நேராகத் தண்ணீர் குடிக்கப் போனார்கள்.

ஸ்டெல்லா வருவாள்

போட்டி வேறொரு பள்ளிக்கூடத்தில். வேனில் பிள்ளைகளோடு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தண்ணீர்க் கேனும் எலுமிச்சம்பழமும் என் பொறுப்பு. இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். விடுதிக்கு ஆள் எடுக்க வந்தவர் தொப்பி போட்ட பெரியவர். மடியில் காகிதம் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் பேனாவைப் பார்த்ததும் எலுமிச்சம்பழம் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். அவரும் என்னைப் போலவே கோடு போடுகிறவராக இருந்துவிட்டால்?

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும். கோகிலா ஏமாந்தாள். அவளுடைய ஆள் பந்தோடு உள்ளே புகுந்தாள். ரேவதி தன் ஆளை விட்டுக் குறுக்கே போய் இரண்டு கையையும் தூக்கி நின்றாள். பந்து அவள் விட்ட ஆளுக்குப் போனது. எத்தனையோ காலை நான் பார்த்த அதே ஆட்டம். அந்த ஆள் வாங்கித் திரும்புவதற்குள் எங்கிருந்தோ ஸ்டெல்லா அங்கே நின்றாள். பந்து அவள் கையில் பட்டு வெளியே உருண்டது.

ஆட்டத்தில் தோற்றோம். இரண்டே புள்ளி. கோகிலா அழுதாள். டீச்சர் அழவில்லை என்று சொல்லிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

தொப்பிக்காரர் ரேவதியைக் கூப்பிட்டார். நான் எலுமிச்சம்பழத் தட்டோடு பக்கத்திலேயே போய் நின்றேன். உயரம் கேட்டார், அப்பா பெயர் கேட்டார். பிறகு, கடைசியில் உன் ஆளை எதற்கு விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

ரேவதி ஒரு முறை என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

"உட்டுட்டுப் போகலீங்க சார். ஸ்டெல்லா வருவான்னு தெரியுமுங்க."

அவர் காகிதத்தில் எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குப் படிக்கத் தெரியாது. மூன்று வாரம் கழித்து விடுதியிலிருந்து கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது.

ஒரே ஒரு கோடு

அவளுடைய அப்பா கடிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். டீச்சரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் கேட்டார். குளிக்கிற இடத்துக்குத் தாழ்ப்பாள் இருக்குமா, முட்டை போடுவார்களா, தீபாவளிக்கு அனுப்புவார்களா என்று. எனக்கு எதுவும் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஆமாங்க என்றேன். அவர் நீல நகத்தால் கடிதத்தின் மடிப்பை நீவிக்கொண்டே போனார்.

போகிற நாளில் ரேவதி சொல்லிக்கொள்ள வந்தாள். தகரப் பெட்டி, புதுச் செருப்பு. காலில் விழ வந்தவளைத் தடுத்து நிறுத்தினேன். அன்றுவரை அவளிடம் அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. டீச்சரிடம் சொல்லிவிட்டேன், போதும் என்று இருந்துவிட்டேன்.

"தப்பு என்னுதுதான் சாமி. உன்ற பேருல நான் போட்டிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பெஞ்சின் மேல் இருந்த நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அப்பச் சரி. உங்க பேருல ஒண்ணு போட்டுருங்க ஆயா."

சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு எவ்வளவு குறும்பு! நான் நோட்டை வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். எழுத எனக்கு நேரமாகும். வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. பெயருக்குக் கீழே கட்டம் வரைந்து, அதில் ஒரு கோடு போட்டேன். நேராகவே போட்டேன்.

அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் என் பேத்தி யாழினி. எழுதும்போது இரண்டு இடத்தில் பேனா தயங்கி நின்றது. நான் சொன்னதைவிடக் குறைவாகத்தான் அங்கே எழுதியிருப்பாள். அப்பாயியை விட்டுக்கொடுக்க மனசு வந்திருக்காது.

யாழினி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள். முதலிலிருந்து படி கண்ணு. நான் தப்பு செய்த இடம் வந்ததும் மெதுவாகப் படி.